விளக்கு எரியாத காற்றாலைப் பெட்டி: வாங்கலாமா?

குழந்தைகளுக்கான காற்றாலை மாடல் பெட்டி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. அட்டையின் நிறமும் பெயரும்தான் மாறுகிறதே தவிர, உள்ளே இருக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு கோபுரம், அச்சில் வார்த்த மூன்று இறக்கைகள், இரண்டு பல்சக்கரம், பொம்மைக் காரில் போடும் சின்ன டி.சி. மோட்டார், ஒரு வெள்ளை எல்.இ.டி., நான்காக மடித்த செய்முறைத் தாள். உங்கள் வீட்டில் இருப்பதும் இதுதான் என்றால் கீழே உள்ளது அப்படியே பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் பெட்டி மேல் அச்சடித்திருக்கும் வேலைக்காக வாங்காதீர்கள். "நீயே மின்சாரம் தயாரி" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த மின்சாரம் வராது. ஆனால் விசை என்றால் என்ன, காற்றில் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு பிள்ளை கையாலேயே தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல எலும்புக்கூடு கிடைப்பது கஷ்டம். எலும்புக்கூடு என்றுதான் சொல்கிறேன். சதை நாம்தான் போட வேண்டும்.

நான் மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்கிறவன். கருகிப்போன காயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுவதுதான் பிழைப்பு. என் மகள் ஆறாம் வகுப்பு. அவளுக்கு அவள் அத்தை வாங்கிக் கொடுத்த பெட்டி இது. அவளும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து மாட்டினார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், கேட்டால் மட்டும் கை கொடுத்தேன். மாட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. நட்டு, போல்ட், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை தனியாக முடித்துவிடும்.

சிக்கல் அதற்கு அப்புறம். டேபிள் ஃபேன் முன்னால் வைத்தார்கள். இறக்கை ஜோராகச் சுற்றியது. விளக்கு எரியவில்லை. ஃபேனை இன்னும் கிட்டே இழுத்தார்கள். எரியவில்லை. ஒயரைக் கழற்றி மாற்றி மாட்டினார்கள். நல்ல யோசனைதான், எல்.இ.டி. ஒரு பக்கமாக மட்டும்தான் மின்சாரத்தை விடும், ஒயர் மாறியிருந்தால் எரியாது. அப்படியும் எரியவில்லை. என் மகள் எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி முடுக்க ஆரம்பித்தாள். தான் எங்கேயோ தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். இந்தப் பெட்டி மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபம் இதுதான். தப்பு பெட்டியில், பழி பிள்ளை தலையில்.

ஏன் எரியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பெட்டி தயாரித்தவர்கள் இதைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இந்த மாதிரி மோட்டாருக்கு 3 வோல்ட் கொடுத்தால், பாரம் இல்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று ஓடும். அதே மோட்டாரின் ஷாஃப்டை, அதாவது நடுவில் சுற்றும் கம்பியை, நாம் சுற்றினால் அது ஜெனரேட்டர் ஆகிவிடும், ஆனால் கணக்கு மாறாது. 10,000 சுற்றுக்கு 3 வோல்ட் என்றால் 1,000 சுற்றுக்கு 0.3 வோல்ட். சரி, இறக்கை எவ்வளவு சுற்றுகிறது? முனைக்கு முனை விட்டம் 20 சென்டிமீட்டர். ஏசி வேலை செய்யும் நண்பரிடம் காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டர் இருந்தது, வாங்கி வந்து பிடித்துப் பார்த்தோம். ஃபேனுக்கு இரண்டடி தள்ளி விநாடிக்கு 4 மீட்டர் சுமார் காட்டியது. இப்படிப்பட்ட சின்ன இறக்கையின் முனை காற்றைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 0.3 வோல்ட். பல்சக்கரம் 40 பல்லுக்கு 10 பல், அது நான்கு மடங்காக்கி 1.2 வோல்ட் தரும். அதுவும் உராய்வில் எதுவுமே போகாவிட்டால்.

சிவப்பு எல்.இ.டி. எரிய 1.8 வோல்ட்டாவது வேண்டும். வெள்ளைக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். பெட்டியில் வைத்திருப்பது வெள்ளை. இனி பிள்ளைகள் எத்தனை ஸ்க்ரூவை முடுக்கினால் என்ன?

நிஜக் காற்றாலையிலும் இதே தகராறு உண்டு. இறக்கை நீளமானால் மெதுவாகத்தான் சுற்றும். 100 மீட்டர் விட்டம் உள்ளவை நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுதான். அப்போதே முனையின் வேகம் விநாடிக்கு 70, 80 மீட்டருக்குப் போய்விடும். ஜெனரேட்டருக்கோ நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சுற்று வேண்டும். நடுவில் கியர் பெட்டி வைத்து நூறு மடங்கு போல ஏற்றுகிறார்கள். கியரே வேண்டாம் என்றால், மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரும்படி நிறையக் காந்தம், நிறையக் காயில் வைத்துப் பெரிய ஜெனரேட்டர் கட்டுகிறார்கள். இரண்டு வகையும் இருக்கிறது.

அந்த இரண்டாவது வழியைத்தான் நான் வீட்டில் செய்து பார்த்தேன். எல்லோருக்கும் முடியாது, தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், யாருக்காவது கை துறுதுறுக்கும். மோட்டாரின் பின்மூடியை இரண்டு தகரக் காதுகள் மடங்கிப் பிடித்திருக்கும். அவற்றை நிமிர்த்தி மூடியை நேராக இழுத்தால் வந்துவிடும். சுற்றும் காயிலைத் தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ் என்று இதில் இருப்பது மெல்லிய செப்புத் தகடு இரண்டு, வளைந்துவிட்டால் மோட்டார் குப்பைதான். உள்ளே மூன்று பல் ஆர்மேச்சர், அதாவது கம்பி சுற்றிய, சுழலும் பாகம். பழைய கம்பியைப் பிரித்துவிட்டு, அதில் பாதித் தடிமன் உள்ள எனாமல் கம்பியை மூன்று பல்லிலும் ஒரே பக்கமாக, ஒரே எண்ணிக்கையில் சுற்றினேன். தடிமன் பாதியானால் அதே இடத்தில் நான்கு மடங்கு சுற்று அடங்கும். சுற்று நான்கு மடங்கானால் அதே வேகத்தில் வோல்ட்டும் நான்கு மடங்கு. கம்பியின் தடை 16 மடங்கு ஏறும். ஏறட்டுமே, எல்.இ.டி.க்கு வேண்டியது சில மில்லி ஆம்பியர், அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூடியைப் போட்டு மாட்டினேன். அதே ஃபேன், அதே இறக்கை, வெள்ளை விளக்கு எரிந்தது.

கம்பெனிக்காரர்கள் இதே மோட்டாரில் மெல்லிய கம்பியைப் போட்டுச் சுற்றச் சொல்லியிருந்தால் பெட்டி மேல் போட்ட வாக்கு நிறைவேறியிருக்கும். பெரிய செலவொன்றும் இல்லை. கார் பொம்மைக்கு வந்த சரக்கையே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

பழைய பிரின்டரில் கழற்றிய, படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரைப் போடலாமே என்று கேட்பீர்கள். விரலால் திருகினாலே எல்.இ.டி. மின்னும், உண்மைதான். ஆனால் அதன் காந்தம் ஒவ்வொரு படியிலும் ஷாஃப்டைப் பிடித்துப் பிடித்து விடும். 20 சென்டிமீட்டர் இறக்கைக்கு அந்தப் பிடியை உடைத்துக்கொண்டு கிளம்பத் தெம்பு இல்லை. இறக்கையை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் போடலாம்.

மோட்டாரை மாற்ற முடியாதவர்களும் அதை வைத்து ஒன்று செய்யலாம், எனக்கு விளக்கைவிட அதுதான் பிடித்தது. எல்.இ.டி.யைக் கழற்றிவிடுங்கள். இறக்கை ஃபேன் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டாரின் இரண்டு ஒயர் முனைகளையும் சேர்த்து வையுங்கள். இறக்கை சட்டென்று திணறும். பிரித்தால் மறுபடி வேகம் பிடிக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு ஷாஃப்டை விரலால் திருகியும் பார்க்கலாம், ஒயர் சேர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும், பிரிந்திருக்கும்போது லேசாகச் சுற்றும். ஒயர் சேர்ந்ததும் காயிலில் மின்சாரம் ஓடுகிறது, அந்த மின்சாரமே காந்தத்தோடு சேர்ந்து சுற்றலை எதிர்த்து நிற்கிறது. சின்னக் காற்றாலைகளில் பிரேக்காகவே இந்த முறை இருக்கிறது, சுவிட்சைத் தட்டினால் ஒயர்கள் ஒன்றாகி இறக்கை அடங்கிவிடும். "அப்பா, மின்சாரம் எடுத்தா காத்துக்குச் சுமை ஏறுது" என்றாள் மகள். அவள் பாடப்புத்தகத்தில் ஆற்றல் அழியாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்து இது தெரியாது. விரல் நுனியில்தான் தெரியும்.

செய்முறைத் தாளில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

இப்போது இறக்கைக்கு வருகிறேன். பெட்டியின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. மூன்றும் அச்சில் வார்த்தவை, அழகாக வளைந்திருக்கும், இறக்கைகளைப் பிடிக்கும் நடுப்பாகமான ஹப்பில் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். சாய்வை மாற்ற முடியாது, எண்ணிக்கையை மாற்ற முடியாது, நீளத்தை மாற்ற முடியாது. ஒரு பிள்ளை காற்றாலையில் மாற்றிப் பார்க்க வேண்டியவை எவையோ, அத்தனையையும் பூட்டி வைத்துவிட்டார்கள். மாட்டினால் சுற்றும். அவ்வளவுதான். ஏன் சுற்றுகிறது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் சுற்றாமல் போக வழியே இல்லை.

நாங்கள் அந்த ஹப்பை எடுத்துவிட்டு, ஷாஃப்டில் ஒரு தடித்த கார்க்கைச் செருகினோம். மூங்கில் குச்சியின் முனையில் அட்டையை டேப் போட்டு ஒட்டி, குச்சியைக் கார்க்கில் குத்தினால் இறக்கை தயார். குச்சியைத் திருகினால் சாய்வு மாறும். விட்டம் 30 சென்டிமீட்டருக்கு ஏற்றிக்கொண்டோம். கோணத்தைப் பார்க்க ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி போதும்.

முதலில் அட்டையை முழுக்கக் காற்றைப் பார்க்க வைக்கச் சொன்னேன், பாகை பூஜ்யம். எல்லாக் காற்றும் அட்டையில் படுகிறதே, நன்றாகச் சுற்றும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் பந்தயம் கட்டினார்கள். இறக்கை அசையவே இல்லை. கோபுரம் மட்டும் மேஜையில் பின்னால் நகர்ந்து போய், விளிம்புக்கு முன்னால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. காற்று தள்ளுகிறது, விசை இருக்கிறது, ஆனால் சுற்ற வேண்டிய பக்கத்துக்கு இல்லை. விசைக்கு அளவு மட்டும் இல்லை, திசையும் உண்டு என்று வகுப்பில் எழுதிப் போடுவதை அந்த நகர்ந்த கோபுரம் காட்டிவிட்டது. அப்புறம் அட்டையைக் காற்றுக்கு ஓரம் காட்டி வைத்தார்கள், 90 பாகை. அதுவும் சுற்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் சாய்த்ததும் கிளம்பியது. ஈரச் சோப்பை விரலால் அழுத்தினால் அது பக்கவாட்டில் நழுவுவதைச் சொன்னேன், புரிந்துகொண்டார்கள். சாய்ந்த அட்டை காற்றை ஒரு பக்கம் திருப்பி அனுப்புகிறது, காற்று அட்டையை மறுபக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இவ்வளவுதான்.

இதற்கு மேல்தான் ருசியே. 45 பாகையில் வைத்தால் ஃபேனைப் போட்ட உடனே கிளம்பும், ஆனால் வேகம் ஏறாது. 15 பாகையில் வைத்தால் கிளம்பவே யோசிக்கும், விரலால் ஒரு தட்டு தட்டிவிட வேண்டும், அப்புறம் விர்ரென்று மற்றதை மிஞ்சிவிடும். பிள்ளைகள் இதை நம்பவில்லை. யாரோ ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டார்கள் என்று சண்டை. காரணம் இறக்கையின் ஓட்டத்திலேயே இருக்கிறது. நிற்கும் இறக்கைக்குக் காற்று நேர் எதிரில் இருந்து வருகிறது. ஓட ஆரம்பித்த இறக்கைக்குத் தன் ஓட்டத்தால் எதிர்க்காற்று ஒன்று சேர்ந்துகொள்ளும். மழையில் சைக்கிள் ஓட்டினால் செங்குத்தாக விழும் மழை முகத்தில் அடிப்பதற்கும் காரணம் இதுதான். வேகம் கூடக்கூட, காற்று சுற்றும் தளத்தின் பக்கமாகச் சாய்ந்து வருவதாக இறக்கை உணரும். அந்தக் காற்றுக்குக் குறைந்த சாய்வுதான் பொருந்தும், 45 பாகை அட்டைக்கு அது முதுகில் அடிக்கும். பெரிய காற்றாலைகளில் இறக்கையைத் தன் அச்சில் திருப்பிச் சாய்வை மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம், அடியில் சாய்வு அதிகமாகவும் முனையில் குறைவாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். முனை வேகமாக ஓடுகிறது, அடி மெதுவாக ஓடுகிறது.

எண்ணிக்கை விஷயமும் அப்படித்தான். நிறைய இறக்கை வைத்தால் நிறையச் சுற்றும் என்பது பிள்ளைகளின் கணக்கு. ஆறு அட்டை வைத்தால் சுமையோடு கூடத் தயங்காமல் கிளம்புகிறது, ஆனால் உச்ச வேகம் மூன்று அட்டையைவிடக் குறைவு. கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாலைகளில் நெருக்கமாகப் பத்துப் பதினெட்டுத் தகடுகள் இருக்கும், பம்பை முதல் அடியிலேயே அசைக்கத் திருப்பு விசை வேண்டும். மின்சாரத்துக்கு வேகம் வேண்டும், அதனால் குறைந்த இறக்கை. டென்மார்க்கில் போல் லா கூர் என்ற பள்ளி ஆசிரியர் 1891இல் அஸ்கோவ் ஊரில் காற்றாலை கட்டி மின்சாரம் எடுத்தார். காற்றுச் சுரங்கம், அதாவது உள்ளே காற்றைச் செலுத்தும் குழாய், வைத்துச் சோதித்து, குறைந்த இறக்கை வேகமாகச் சுற்றுவதே மின்சாரத்துக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்தார். அவர் ஆசிரியர் என்பதால் சொல்கிறேன். அதே நாட்டில் ட்வின்ட் என்ற இடத்துப் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975இல் ஆரம்பித்து 1978இல் ஒரு காற்றாலையை ஓடவிட்டார்கள். இறக்கை விட்டம் 54 மீட்டர், அப்போது உலகிலேயே பெரியது. பள்ளிக்கூட வேலை என்றால் இப்படியும் இருக்கலாம்.

அட்டை இறக்கையில் ஒரு தொல்லை உண்டு. எடை சமமாக இராது, கோபுரம் கிடுகிடுவென்று ஆடும். எங்கள் தொழிலில் ஆர்மேச்சரை பேலன்ஸ் பார்க்கிற அதே வழிதான். ஃபேனை நிறுத்திவிட்டு விரலால் மெல்லச் சுற்றி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் அது கனம். எதிர்ப்பக்கம் துளி டேப் ஒட்டினால் சரியாகிவிடும். இதைப் பிள்ளைகளே செய்யட்டும். அரை அங்குல டேப்பில் ஆட்டம் அடங்குவதைப் பார்த்து அவர்களுக்கு வந்த சந்தோஷம் விளக்கு எரிந்தபோது கூட வரவில்லை.

பெட்டியில் இருக்க வேண்டியது, இல்லாதது, ஒரு நூலும் ஒரு கப்பும்.

ஷாஃப்டின் பின்முனையில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் காகிதக் கப்பைத் தொங்கவிட்டு, அதில் வாஷர்களைப் போடுங்கள். மேஜை விளிம்பில் கோபுரத்தைக் கட்டிவிட்டால் போதும். காற்று அடித்தால் நூல் ஷாஃப்டில் சுற்றிக் கப் மேலே ஏறும். வோல்ட் இல்லை, எல்.இ.டி. இல்லை. காற்று கனத்தைத் தூக்குகிறது, கண்ணெதிரே. எத்தனை வாஷர், எத்தனை விநாடி என்று எழுதிக்கொண்டால் கோணத்துக்குக் கோணம் ஒப்பிடலாம். விளக்கு எரியும் அல்லது எரியாது, நடுவில் ஒன்றும் சொல்லாது. கப்போ ஒவ்வொரு வாஷருக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. நின்ற நிலையில் இருந்து தூக்க எங்கள் அட்டைக்கு 30 பாகைப் பக்கம்தான் ஒத்து வந்தது.

இது புது யோசனை இல்லை. ஜான் ஸ்மீட்டன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1759இல் லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை கொடுத்தார், அந்த வருடமே அதற்கு அந்தச் சங்கத்தின் காப்ளி பதக்கம் கிடைத்தது. அவர் செய்ததும் காற்றாலை மாடல்தான். ஃபேன் இல்லாத காலம். அதனால் நீளமான ஒரு கையின் முனையில் மாடலை மாட்டி, கயிற்றை இழுத்து அந்தக் கையையே சுற்றவிட்டார். நிற்கும் காற்றுக்குள் மாடல் ஓடினால் மாடலுக்குக் காற்று அடித்த மாதிரிதானே? மாடல் சுற்றும்போது தட்டில் வைத்த எடைக்கற்களைத் தூக்கும், எவ்வளவு தூக்குகிறது என்று சாய்வை மாற்றி மாற்றிக் குறித்துக்கொண்டார். 1759இல் பதக்கம் வாங்கிய சோதனையை ஒரு நூலும் கப்பும் வைத்து உங்கள் பிள்ளை செய்யலாம், பெட்டிக்காரர்களுக்கு மட்டும் அது தோன்றவில்லை.

ஸ்மீட்டன் பார்த்த இன்னொன்று, காற்றின் வேகம் கூடினால் வேலை வேகத்தின் மும்மடியில், அதாவது வேகத்தை அதே வேகத்தால் இரண்டு தடவை பெருக்கிய கணக்கில், கிட்டத்தட்ட கூடுகிறது என்பது. செய்முறைத் தாளோ "காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரமும் இரண்டு மடங்காகும்" என்கிறது. சுத்தத் தப்பு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் உள்ள திறன் எட்டு மடங்கு. வேகமாக வரும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, அதோடு ஒரு விநாடியில் வந்து சேரும் காற்றின் அளவும் இரண்டு மடங்கு, பெருக்கினால் எட்டு. ஃபேனை வைத்தே பார்க்கலாம். அனிமோமீட்டரில் 2 மீட்டர் காட்டும் இடத்தில் ஒரு தடவை, 3 மீட்டர் காட்டும் இடத்தில் ஒரு தடவை கப்பை ஏற்றினோம். ஒன்றரை மடங்கு வேகத்துக்குக் கணக்குப்படி 3.4 மடங்கு வர வேண்டும். வாஷரை இரட்டித்துப் போட்டும் கப் முன்பைவிடச் சீக்கிரம் மேலே வந்துவிட்டது. மாணவர்களுக்கு என்று அச்சடிக்கும் தாளில் இப்படி ஒரு தப்பை விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் கணக்கை முழுதாகவே போடலாம். 30 சென்டிமீட்டர் விட்டத்தின் பரப்பு 0.07 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. 3 மீட்டர் வேகத்தில் அந்த வட்டத்துக்குள் வரும் திறன் ஒரு வாட்டுக்குச் சற்று மேல். 50 கிராமை ஒரு மீட்டர் உயரம் தூக்க அரை ஜூல் வேண்டும். ஐந்து விநாடியில் தூக்கினால் 0.1 வாட். ஆக, வந்த காற்றில் பத்தில் ஒரு பங்கு கூட நாம் பிடிக்கவில்லை. மிச்சம் எங்கே என்று கேட்டால், சும்மா தாண்டிப் போகிற காற்று, உராய்வு, அட்டைக்குப் பின்னால் சுழலும் காற்று எல்லாம் வாங்கிக்கொண்டது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டினாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1919இல் காட்டிவிட்டார். காற்றை முழுக்க நிறுத்தி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால், நின்ற காற்று பின்னால் வரும் காற்றுக்கு வழி விடாது. கொஞ்சத்தை விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. ஃபேன் காற்று நேராக வராது, முறுக்கிக்கொண்டே வரும், நடுவில் பலம் குறைவு. அதனால் ஒரே அட்டையை இடப்பக்கம் சாய்த்தால் ஒரு வேகம், வலப்பக்கம் சாய்த்தால் வேறு வேகம் வரும், ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே பக்கமாகவே சாய்க்க வேண்டும். மொட்டை மாடிக் காற்றில் வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், சுற்றும்போது பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அளக்க முடியாது. காற்று கணத்துக்குக் கணம் மாறும்.

பாதுகாப்பில் பெட்டி பரவாயில்லை. பிளாஸ்டிக் முனைகள் மழுங்கலாக இருக்கின்றன. நம் மூங்கில் குச்சிதான் ஆபத்து, கார்க்கில் இருந்து கழன்றால் பறக்கும். குச்சியின் கூர்முனையை வெட்டிவிடுங்கள், இறக்கை சுற்றும் தளத்துக்கு நேராக யாரையும் நிற்க விடாதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுவிடுங்கள்.

கடையில் இரண்டு மூன்று பெட்டிகள் இருந்தால் படத்தைப் பார்க்காமல் ஹப்பைப் பாருங்கள். இறக்கை உட்காரும் ஓட்டை வட்டமாக இருந்தால் சாய்வை மாற்றலாம், அதை எடுங்கள். சதுரமாகவோ பள்ளமாகவோ இருந்தால் மாற்ற முடியாது, கார்க்குதான் கதி. எல்.இ.டி. சிவப்பாக இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். எட்டு வயதுக்குக் கீழே என்றால் பெட்டியே வேண்டாம், காகிதக் காற்றாடி போதும். பத்தில் இருந்து பதினான்கு வயது வரை சரியான வயது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார நேரம் ஒதுக்க முடிந்தால். வகுப்பறைக்கு என்றால் பிள்ளைக்கு ஒன்று வாங்காமல் நான்கு பேருக்கு ஒன்று வாங்குங்கள், கோணத்துக்காகச் சண்டை போட ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. கோபுரத்தின் தலையில் ஷாஃப்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவை முழுதாக முடுக்க வேண்டாம். எங்கள் பெட்டியில் அந்த இடம் விரிசல் விட்டது, மாற்றுப் பாகம் தனியாகத் தருவதில்லை என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். ரெண்டு டியூப் கலந்து பூசும் எபாக்சி பசையைத் தடவி ஒரு ராத்திரி காயவிட்டேன், இன்னும் நிற்கிறது.